கை பார்த்தது, சரி

படகுத்துறைக்கு வந்து டாக்டரம்மா எங்கே என்று கேட்டால் யாரும் ஆஸ்பத்திரிக்கு வழி காட்ட மாட்டார்கள். நேராக மூன்றாம் படித்துறைப் பக்கம் கையை நீட்டுவார்கள். அங்கே, வளைகுடாவைத் தாண்டி அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் பெரிய படகில், இன்ஜின் அறையின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, இடுப்புக்கு மேலே உள்ளேயும் இடுப்புக்குக் கீழே வெளியேயுமாக ஒரு அம்மாள் கவிழ்ந்து கிடப்பாள். அவள்தான் டாக்டரம்மா. ஒரு தடவை அலையில் தலை சுற்றிப்போன வெளியூர்க்காரர் ஒருவர் அவளிடமே வந்து மாத்திரை கேட்டாராம். அவள் தலையை வெளியே நீட்டி, "கடைசியா ஆயில் எப்ப மாத்தினீங்க?" என்றாளாம். நிஜமாக நடந்ததா, டீக்கடையில் கட்டிவிட்ட கதையா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பத்து வருஷமாக அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. இன்ஜினைத் தொட்டுப் பார்க்கும்போது அவள் புறங்கையை வைப்பாள், ஜுரம் வந்த குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல. வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அப்போது யாராவது பேசினால் அவ்வளவுதான், மூக்கறுபட்டுப் போக வேண்டியதுதான்.

அவளுடைய கைக்கு அந்தப் பழக்கம் வந்ததே மகளால்தான். சின்ன வயதில் மகளுக்கு மாதம் தவறாமல் ஜுரம் வரும். தெர்மாமீட்டரைத் தேடி எடுத்து, உதறி, கக்கத்தில் வைத்துக் காத்திருப்பதற்குள் அம்மாவின் புறங்கை நூற்றி ஒன்றா, நூற்றி இரண்டா என்று சொல்லிவிடும். தெர்மாமீட்டர் பின்னால் வந்து ஆமாம் போடும். அப்புறம் தையல்காரரான கணவரின் மிஷின் மோட்டார் சுட்டது. அதைப் பிரித்துப் போட்டுச் சரி செய்தாள். பக்கத்து மாடி வீட்டுத் தண்ணீர் மோட்டார் வந்தது. அடுத்த தெரு மாவு மில் மோட்டார் வந்தது. கடைசியில், பத்தொன்பது வருஷத்துக்கு முன், படகுச் சங்கத்தில் இருந்த மெக்கானிக் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போய்விட்டபோது, "அந்தத் தையக்காரர் சம்சாரத்தைக் கூப்பிட்டுப் பாருங்களேன்" என்று யாரோ சொல்ல, வந்தவள்தான். வந்ததிலிருந்து படகு ஒரு நாளும் பாதிக் கடலில் நின்றதில்லை. இந்த வருஷம் வரை.

படகை ஓட்டுபவர் அவளுடைய சம்பந்தி. அவள் மகளைக் கட்டியிருப்பது அவருடைய மகன். கல்யாணப் பேச்சே இன்ஜின் அறை மூடியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துதான் நடந்தது என்பார்கள். அதற்கு முன்னால் 'என்னய்யா, என்னம்மா' என்று கூச்சல் போட்டு வேலை பார்த்த இருவரும், சம்பந்தம் ஆனதிலிருந்து 'வாங்க, போங்க' என்று ஒரே மரியாதையாகிவிட்டார்கள். "சம்பந்தி, ஜுரம் எப்படி?" என்று அவர் மேலேயிருந்து கேட்பார். "சரியா இருக்கு சம்பந்தி, எடுங்க" என்று இவள் கீழேயிருந்து சொல்வாள். படகு கிளம்பும். அவர் பாட ஆரம்பிப்பார். அவருக்குக் குரல் உண்டு, ராகம் மட்டும் கிடையாது. இருபத்தாறு வருஷமாக அக்கரை ஆட்கள் டிக்கெட்டோடு அதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

அவள் சூடு பார்க்கிற விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. இன்ஜினுக்குள் நல்ல தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைக் குளிர வைக்கக் கடல் தண்ணீரை உறிஞ்சி, ஒரு உருளைக்குள் இருக்கிற மெல்லிய குழல்கள் வழியாக ஓட விட்டு, பக்கவாட்டுக் குழாய் வழியாகத் திரும்பக் கடலிலேயே கொட்டிவிடும். டாக்டரம்மா படித்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்து, கையைக் கடலில் முக்கி இருபது எண்ணுவாள். பிறகு அதே கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டுவாள். உள்ளே போன தண்ணீருக்கும் வெளியே வருகிற தண்ணீருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கை சொல்லிவிடும். வடிகட்டியில் பாசி அடைத்துத் தண்ணீர் குறைந்தாலும், பம்பின் ரப்பர் சக்கரம் தேய்ந்தாலும், கை உடனே காட்டிக்கொடுக்கும். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ முறை காட்டிக்கொடுத்திருக்கிறது. அதனால் ஏழு வருஷத்துக்கு முன் ஓட்டுபவர் முன்னால் இருந்த சூடு காட்டும் முள் செத்துப்போனபோது யாரும் அழவில்லை. புதுசு வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. சங்கத்துப் பதிவேட்டில் 'இன்ஜின் சூடு' என்ற கட்டத்தில் அவள் தினமும் எழுதுவது மூன்றே சொல்: கை பார்த்தது, சரி.

இந்த வருஷம் கடல் சுட்டது. ஆமாம், சுட்டது. காற்றே இல்லாமல் வெயில் வாரக்கணக்கில் கொளுத்தியதில், வளைகுடாவின் தண்ணீர் குளிக்க வைத்த வெந்நீர் மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், கரையேறவே மாட்டேன் என்றார்கள். டீக்கடைக்காரர், இனிமேல் அடுப்பு எதற்கு, கடலில் ஒரு குவளை மொண்டு தூளைப் போட்டால் போதும் என்றார். ஊரே கடல் சூட்டைப் பற்றிப் பேசிச் சிரித்தது. அதையும் படகின் இன்ஜினையும் சேர்த்து யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. டாக்டரம்மாவுக்கும்தான்.

முதல் தடவை படகு நின்றது ஒரு திங்கட்கிழமை பிற்பகல். நாற்பது பேரோடு நடு வளைகுடாவில் போய்க்கொண்டிருக்கும்போது அபாய மணி 'கீ' என்று கத்தியது. சம்பந்தி தன் பாட்டு நடுவில் அதை யாருடைய போனோ என்று நினைத்து, "யாருங்க அது, எடுத்துப் பேசுங்க" என்றார். அப்புறம்தான் விளக்கு சிவப்பாக எரிவதைப் பார்த்து இன்ஜினை அணைத்தார். முக்கால் மணி நேரம் ஆறவிட்டு மெல்ல ஓட்டி வந்து சேர்த்தார். டாக்டரம்மா வடிகட்டியைப் பார்த்தாள், சுத்தம். ரப்பர் சக்கரத்தைப் பார்த்தாள், புதுசு. கையை முக்கிப் பார்த்தாள், வித்தியாசம் எப்போதும்போல. எழுதினாள்: கை பார்த்தது, சரி. அடுத்த திங்கட்கிழமை அதே இடத்தில் அதே நேரத்தில் படகு மறுபடி நின்றது. அதில் அக்கரைக்குப் பரீட்சை எழுதப் போன பதினோரு பேர் இருந்தார்கள்.

சங்கத்துச் செயலாளர் துறைக்கே வந்துவிட்டார். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பவர் அவர். எழுதுவது ஒன்றில்தான், மற்ற இரண்டும் அந்தஸ்துக்கு.

"ஏம்மா, இன்ஜின்ல என்ன கோளாறு?"

"இன்ஜின்ல ஒண்ணும் இல்லைங்க. எல்லாம் பாத்துட்டேன்."

"நிச்சயமா?"

தன் வேலையை ஒருவர் 'நிச்சயமா' என்று கேட்டால் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "என் கை பத்தொன்பது வருஷத்துல தப்பு சொன்னதில்லை. இன்ஜின்ல இல்லைன்னா இல்லை" என்றாள்.

"அப்ப ஓட்டறதுலதான் தப்பு. வேகமா விரட்டியிருக்காரு" என்று செயலாளர் பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் அவளுக்குத் தான் சொன்னது எங்கே போய் விழுந்தது என்று உறைத்தது. சம்பந்தி நாலடி தள்ளிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். "நான் விரட்டலைங்க" என்று மட்டும் சொன்னார். வியாழக்கிழமை கூட்டத்தில் முடிவு என்றார் செயலாளர். என்ன முடிவு என்பது எல்லோருக்கும் தெரியும்: சம்பந்தியைப் படகிலிருந்து இறக்கி டிக்கெட் அறையில் உட்கார வைப்பது. அந்த அறையில் ஜன்னல் ஒரு முழம், மின்விசிறி அதைவிடச் சின்னது. கடல் மட்டும் தெரியாது. இருபத்தாறு வருஷம் தண்ணீரைப் பார்த்தே நின்ற மனிதர் அங்கே உட்கார்ந்தால் ஒரே மாதத்தில் உருக்குலைந்து போவார்.

மறுநாளிலிருந்து படகில் பாட்டு இல்லை. "சம்பந்தி, ஜுரம் எப்படி?" என்ற கேள்வியும் இல்லை. "எடுக்கலாமா?" என்று ஒரு சொல். "எடுங்க" என்று ஒரு சொல். பயணிகளுக்கே சங்கடமாகிவிட்டது. காய்கறிக் கூடைக்காரி ஒருத்தி, "அவரு பாடினாலும் தொல்லை, பாடாட்டியும் தொல்லையா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் அன்று சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, அங்க மாமா வாயே திறக்கறதில்லை. அத்தை எதுக்கெடுத்தாலும் 'உங்கம்மா கை தப்பே சொல்லாதாமே'ன்னு கேக்கறாங்க. ரொட்டி தீஞ்சாக்கூட அதையேதான் சொல்றாங்க. நான் அந்த வீட்ல எப்படிம்மா சாப்பிடறது?"

"நான் அவரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே. இன்ஜின்ல இல்லைன்னுதான் சொன்னேன்."

"அப்ப வேற எதுலயாம்? படகுல இருக்கறது ரெண்டு பேரு. நீயில்லைன்னா அவருதானே?"

டாக்டரம்மா அவள் கழற்றிப் போட்ட செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். தையல் மிஷினில் இருந்த கணவர் தலையைத் தூக்கிப் பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார். அவர் அப்படித்தான், தேவைக்கு மேல் ஒரு தையல் போடாதவர்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு ஸ்பானர் வழுக்கி அவளுடைய வலது கை விரல்களை நசுக்கிவிட்டது. வீங்காமலிருக்கப் பக்கத்து மீன் ஏற்றும் இடத்திலிருந்து ஐஸ் கட்டியை வாங்கி, பத்து நிமிஷம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குள் அக்கரையிலிருந்து படகு வந்து நின்றது. வழக்கப்படி சூடு பார்க்கப் படியில் இறங்கியவள், வலியில் வழக்கத்தை மறந்து, கடலில் முக்காமலேயே வலது கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டினாள்.

"ஐயோ!" என்று கையை இழுத்துக்கொண்டாள். நெருப்பாய்ச் சுட்டது.

ஐஸ் பிடித்த கை, அதனால்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, இடது கையைக் கடலில் முக்கி இருபது எண்ணினாள். குழாயில் காட்டினாள். எப்போதும்போல, சரியாக இருந்தது. வலது கையைக் காட்டினாள். சுட்டது. இடது கை, சரி. வலது கை, சுடு. படியில் உட்கார்ந்தபடி மாற்றி மாற்றிக் கையை நீட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்தார்கள்.

ஒரே தண்ணீர். ஒரே உடம்பின் இரண்டு கைகள். இரண்டு சாட்சி. எது பொய்?

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குப் பிடிபட்டது. கடலில் முக்கிய கைக்குக் கடலே அளவுகோல். கடல் பத்து ஏறினால் குழாய்த் தண்ணீரும் பத்து ஏறும், வித்தியாசம் மட்டும் மாறாது. கை வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. அப்படியென்றால் கடல் கொதித்தாலும் அவள் கை 'சரி' என்றுதான் சொல்லும்.

நிரூபிக்க ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். வீட்டிலிருந்த ஜுரத் தெர்மாமீட்டரை எடுத்து வந்து குழாயில் காட்டினாள். அது நூற்றி எட்டோடு, அதாவது சென்டிகிரேடில் நாற்பத்திரண்டோடு, மேலே போக இடமில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. மனிதர்களுக்குச் செய்தது, பாவம். அப்போது நினைவுக்கு வந்தது, சம்பந்தியம்மா ரொட்டி சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவள், அவளிடம் மாவுக்கும் தண்ணீருக்கும் வைத்துப் பார்க்கிற கம்பித் தெர்மாமீட்டர் ஒன்று உண்டு. போவதா வேண்டாமா என்று நாலு தடவை யோசித்துவிட்டுப் போனாள்.

சம்பந்தியம்மா கதவைத் திறந்து, கை முழுக்க மாவோடு நின்றாள். "வாங்க சம்பந்தி" என்றாள், வாங்க என்பதில் சூடே இல்லை.

"உங்க தெர்மாமீட்டரை ஒரு நாளைக்குக் குடுங்களேன்."

"எதுக்கு? உங்களுக்குத்தான் கை இருக்கே!"

டாக்டரம்மா அதை மென்று விழுங்கினாள். "கையைச் சோதிக்கத்தான்" என்றாள். சம்பந்தியம்மா ஒரு விநாடி அவளையே பார்த்தாள். பிறகு உள்ளே போய், தெர்மாமீட்டரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கடல் முப்பத்திநாலு. குழாய் நாற்பத்தெட்டு. இது நிறையவா, கொஞ்சமா? இன்ஜினோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும். புத்தகம் எங்கே என்று தேடினால், டிக்கெட் அறை மேஜைக்கு ஒரு கால் குட்டை, அதற்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். டிக்கெட் கொடுப்பவரை மேஜையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி உருவினாள். அறுபத்தோராம் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: கடல் நீர் முப்பத்திரண்டுக்கு மேல் போனால் வேகத்தைக் குறைக்கவும், குழல்களை உடனே சுத்தம் செய்யவும். குழல்களை அவள் கடைசியாகக் கழற்றியது ஆறு வருஷத்துக்கு முன். கடல் குளிர்ச்சியாக இருந்தவரை அதில் படிந்த உப்பு பெரிதாகத் தெரியவில்லை. கை சரி என்று சொல்லிக்கொண்டிருந்ததால் அவளும் விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் மனசுக்குள் ஒரு கள்ள யோசனை வந்தது. அதை மறைப்பானேன், வந்தது. ராத்திரியோடு ராத்திரியாகக் குழல்களைக் கழுவிவிட்டால் படகு நிற்காது. யாருக்கும் தெரியாது. கைக்கும் பெயர் கெடாது. ஆனால் நின்ற இரண்டு தடவை சம்பந்தி கணக்கில்தான் எழுதப்படும். 'அவரை இறக்கினோம், படகு நிற்கவே இல்லை பாருங்கள்' என்று செயலாளர் மூன்று பேனாவையும் குலுக்குவார்.

கணவர் ஒரு பேன்ட் துணியை அளந்துகொண்டிருந்தார். தெருவில் போகிறவரின் இடுப்பளவைத் திண்டில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுகிற ஆள் அவர். ஒரு அங்குலம் தப்பாது.

"உங்களுக்குக் கண்ணாலேயே அளவு தெரியுமே, அப்புறம் எதுக்கு எல்லாத்துக்கும் டேப்பைப் போடறீங்க?" என்று கேட்டாள்.

"கண்ணு சொல்லும். ஆனா துணியை வெட்டிட்டா கண்ணு வந்து பொறுப்பு ஏத்துக்காது" என்றார். வாய்க்கு ஊசியைக் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை சங்கத்து அறையில் நாற்காலி போதவில்லை. அக்கரை ஆட்கள்கூட வந்திருந்தார்கள். சம்பந்தி கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் சம்பந்தியம்மாவும் மகளும். செயலாளர் பதிவேட்டைத் திறந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். "ஒண்ணாம் தேதி, கை பார்த்தது, சரி. ரெண்டாம் தேதி, கை பார்த்தது, சரி. மூணாம் தேதி..." முப்பத்தொரு நாளையும் விடாமல் படித்தார். "ஆக, இன்ஜின் மேல தப்பில்லைன்னு எழுத்துப்பூர்வமா இருக்கு. தப்பு ஓட்டினவர் மேல."

டாக்டரம்மா எழுந்தாள். கூடவே மூன்று பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். ஒன்றில் ஐஸ் தண்ணீர், ஒன்றில் சுடுதண்ணீர், நடுவில் இருந்ததில் கடலிலிருந்து மொண்ட தண்ணீர்.

"சார், ஒரு கையை இதுல வைங்க, ஒரு கையை அதுல வைங்க."

"என்னம்மா இது, கூட்டத்துல வந்து பாத்திரம் கழுவச் சொல்றீங்களா?"

"வைங்க சார். பேனா நனையாது."

சிரிப்பு எழுந்தது. செயலாளர் வேறு வழியில்லாமல் சட்டைக் கையை மடித்துவிட்டு வைத்தார். அவள் சத்தமாக அறுபது எண்ணினாள். "இப்ப ரெண்டு கையையும் நடுவுல இருக்கறதுல விடுங்க. எப்படி இருக்கு?"

"இந்தக் கைக்குச் சுடுது..." அவர் முகம் மாறியது. "இந்தக் கைக்கு ஜில்லுனு இருக்கு."

"ரெண்டும் ஒரே தண்ணி சார். கை எங்கிருந்து வருதோ, அதை வச்சுத்தான் பேசும். நான் தினம் கையைக் கடல்ல முக்கிட்டுத்தான் சூடு பாத்தேன். இந்த வருஷம் கடலே சுடுது. சுடற கடல்ல முக்கின கைக்குச் சுடற இன்ஜின் சரியாத்தான் தெரியும்." அவள் கடைசி வரிசையைப் பார்த்தே சொன்னாள். "முப்பத்தொரு நாளும் தப்பா எழுதினது நான். குழலைக் கழுவாம விட்டதும் நான். அவரு ஒழுங்காத்தான் ஓட்டினாரு. பொய் சொன்னது என் கை."

செயலாளர் கையைத் துடைத்துக்கொண்டு, போன மானத்தை எப்படியாவது மீட்க வேண்டுமே, "அப்படின்னா டிக்கெட் அறைக்கு உங்களைத்தான் மாத்தணும்" என்றார்.

"மாத்துங்க" என்று ஒரு குரல் வந்தது. மூன்று நாளாக யாரும் சரியாகக் கேட்காத குரல். சம்பந்தி எழுந்து நின்றிருந்தார். "கூட என்னையும் மாத்துங்க. படகை நீங்க ஓட்டுங்க. இன்ஜினுக்கு ஜுரம் வந்தா மூணு பேனாவையும் காட்டுங்க, இறங்கிடும்."

அறை அதிரச் சிரித்ததில் மேஜை ஆடியது. கடைசியில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமை ஒரு நாள் படகு ஓடாது, பழுது பார்க்கலாம். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, கடல் கொதிக்கிற நேரத்தில், படகு நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போக வேண்டும். செயலாளரும் வருவார். வழியில் நின்றால் இரண்டு பேருக்கும் டிக்கெட் அறை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் டாக்டரம்மா துறைக்குப் போனால், சம்பந்தி அவளுக்கு முன்னால் வந்து முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து உருளையைக் கழற்றினார்கள். குழல்களுக்குள் உப்பு வெள்ளை வெள்ளையாகத் தோல் மாதிரி பிடித்திருந்தது; தண்ணீர் போகும், சூடுதான் அதைத் தாண்டி வராது. அமிலத் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் துலக்கினாள். அவர் படகுக்கு அடியில் மூழ்கி, தண்ணீர் உறிஞ்சும் வாயில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டி எடுத்தார். ஓட்டுபவர் முன்னால் புது முள் ஒன்றைப் பொருத்தினாள். பொருத்தும்போது மனசு கொஞ்சம் வலித்தது. வலிக்கட்டும் என்று திருகை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

மத்தியானம் அவர் சின்னப் படகில் போய், சம்பந்தியம்மாவின் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி வளைகுடா முழுக்க இறக்கி இறக்கிப் பார்த்துவிட்டு வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"சம்பந்தி, நாம நின்ன இடம் இருக்கே, அங்க தண்ணி ரெண்டு ஆள் ஆழம்தான். முப்பத்தஞ்சு காட்டுது. வடக்க கொஞ்சம் சுத்திக்கிட்டுப் போனா ஆழம். அங்க முப்பத்தொண்ணு. ஆறு நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்."

"ஆகட்டுமே. முக்கால் மணி நேரம் நிக்கறதுக்கு ஆறு நிமிஷம் பரவாயில்லையே."

"வேகத்தையும் கொஞ்சம் குறைச்சுக்கறேன்" என்றவர், சட்டென்று, "முன்னாடி மட்டும் நான் விரட்டினேன்னு நினைக்காதீங்க" என்றார்.

"நினைக்கலை" என்றாள். பிறகு உண்மையைச் சொன்னாள். "ஒரு நாள் நினைச்சேன். மன்னிச்சுக்குங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கயிற்றைச் சுருட்டினார்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குப் படகில் அறுபது பேர். பாதிப் பேருக்கு அக்கரையில் ஒரு வேலையும் இல்லை, வேடிக்கை பார்க்க டிக்கெட் எடுத்தவர்கள். கணவர் துணிப் பொட்டலத்தோடு ஏறியிருந்தார். சம்பந்தியம்மா ஒரு கூடை பன்னோடு வந்து, தன் தெர்மாமீட்டர் இன்ஜின் அறையில் பத்திரமாகத் தொங்குகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள். செயலாளர் முள்ளுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

படகு கிளம்பியது. இன்ஜினுக்குள் சுற்றுகிற தண்ணீரின் சூட்டை முள் காட்டியது: எழுபத்தெட்டு. எண்பது. வடக்கே திரும்பியது. நின்றுபோன இடம் வலது பக்கம் தூரத்தில், கண்ணாடி மாதிரி பளபளத்துக்கொண்டு தெரிந்தது. எண்பத்திமூன்று. எண்பத்திநாலு. மகள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். முள் அங்கேயே நின்றது, மேலே ஏறவில்லை. அபாய மணி வாயைத் திறக்கவில்லை.

"எண்பத்திநாலு. புத்தகத்துல தொண்ணூத்தஞ்சு வரைக்கும் போகலாம்னு இருக்கு" என்று செயலாளர் தானே கண்டுபிடித்ததுபோல் அறிவித்தார்.

சம்பந்தி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்ஜின் அறைப் பக்கம் குனிந்து, திங்கட்கிழமையிலிருந்து கேட்காததைக் கேட்டார்.

"சம்பந்தி, ஜுரம் எப்படி?"

உள்ளே டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது. "முள்ளு எண்பத்திநாலுங்குதே" என்றாள்.

"முள்ளு சொன்னதை நான் பாத்துட்டேன். உங்களைக் கேக்கறேன்."

அவள் கையை எதிலும் முக்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, புறங்கையைத் திருப்பி இன்ஜினிலிருந்து கடல் தண்ணீர் வெளியேறும் குழாயின் மேல் வைத்து, கண்ணை மூடினாள். அந்தக் கை தப்பு செய்யும் என்று ஊருக்கே இப்போது தெரியும். தெரிந்துதான் அவர் கேட்கிறார். மூடிய கண்ணுக்குள் என்னவோ நிறைந்து வந்தது. அதைத் துடைக்க அந்தக் கையை எடுக்க வேண்டும், அவள் எடுக்கவில்லை. கண்ணைத் திறந்து, குழாயை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்த தெர்மாமீட்டரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"கையும் பார்த்தது, கம்பியும் பார்த்தது" என்றாள். "சரியா இருக்கு சம்பந்தி. ஓட்டுங்க."

மேலே சம்பந்தி தொண்டையைக் கனைத்தார். செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். காய்கறிக் கூடைக்காரி, "ஆரம்பிச்சிட்டாருடி" என்று காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் பொத்தினாள், அதுவும் ஒரு காதை மட்டும்தான்.